சம்பளத்துல வெட்டா, ஆள்ல வெட்டா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எங்க மச்சான் அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல இருக்கான். அங்க ஒரு ஊர்ல கஜானா காலின்னு ஃபயர் சர்வீஸ்காரங்க சம்பளத்தையே குறைச்சுட்டாங்களாம். நம்ம குழித்துறை நகராட்சியும் நாளைக்கு அப்படி பண்ணிருமா? (களியக்காவிளை வாசகர்)

பதில்: மச்சான் புளுகல தம்பி. ஊர் பேரு ஸ்க்ரான்டன். 2012 ஜூலைல மேயர் காசில்லன்னு சொல்லி தீயணைப்பு, போலீஸ் உட்பட நகராட்சி ஆளுங்க எல்லாரையும் மணிக்கு 7.25 டாலர்னு, அதாவது அங்க சட்டப்படி உள்ள ஆகக் குறைஞ்ச கூலிக்கு எறக்கிட்டாரு. யூனியன் கோர்ட்ல தடை வாங்கியும் கைக்கு வந்தது அந்த கூலிதான். அங்க ஃபயர் ஸ்டேஷன் நகராட்சி சொத்து, ஊர் வரி வந்தாத்தான் சம்பளம்.

இங்க அப்படியில்ல. 1992ல வந்த அரசியல் சட்டத்தோட 74வது திருத்தத்துல நகராட்சிகளுக்கு கொடுக்கலாம்னு 18 வேலைய பட்டியல் போட்டாங்க, அதுல ஏழாவதா தீயணைப்பும் இருக்கு, மும்பைல மாநகராட்சிதான் அத நடத்துது. ஆனா தமிழ்நாட்லயும் சரி, பார்டர் தாண்டி கேரளத்துலயும் சரி, அது மாநில அரசு துறை. நம்ம ஃபயர்மேனுக்கு போலீஸ் கான்ஸ்டபிளோட சேத்துத்தான் பரீட்சை, அடிப்படை சம்பளம் 18,200ல ஆரம்பம். குழித்துறை நகராட்சி அதுல கை வைக்க முடியாது.

நம்ம பக்கம் வெட்டு வேற வழியா வரும். ரிட்டையர் ஆனவரு எடத்த நிரப்பாம விட்டா போதும், பட்ஜெட் புக்ல எங்கயும் குறைப்புன்னு எழுத வேண்டாம், யாரும் கொடி பிடிக்க மாட்டாங்க. போன வருஷம் எங்க மாமா வீட்டு ரப்பர் புகை அறைல தீ பிடிச்சுது. அடில சிரட்டை நெருப்பு, மேல வரிசையா ஷீட்டு, அது உருகி சொட்டுது, சொட்டுன எடமெல்லாம் பத்துது. வண்டி சீக்கிரமாவே வந்துட்டு. எறங்குனது மூணே பேரு. டிரைவர் பம்ப விட்டு நகர முடியாது, ஒருத்தர் ஹோஸ் முனைய பிடிச்சா அந்த பிரஷர் தள்ளுற தள்ளுக்கு இன்னொருத்தர் பின்னாடி தோள் கொடுக்கணும், அப்ப ஹோஸ் மடங்காம இழுத்து விடுறது யாரு, உள்ள ஆள் மாட்டிருக்கான்னு பாக்குறது யாரு? நானும் மாமா பையனும் சாரத்த மடிச்சு கட்டிட்டு ஹோஸ் இழுத்தோம். அந்த மூணு பேரையும் குத்தம் சொல்ல நாக்கு வரல, முழு சம்பளத்துக்கு ஒண்ணரை ஆள் வேலைய பாக்குறாங்க.

கேள்வி: 2023ல மத்திய அரசு 5,000 கோடி ஒதுக்கிச்சே, அதுல ஆள் எடுக்க மாட்டாங்களா? (கொல்லங்கோடு வாசகி)

பதில்: அக்கா, அது ஸ்டேஷன், வண்டி, கருவி, டிரெயினிங்னு துறைய நவீனமாக்குறதுக்கு வந்த பணம், அதுலயும் நம்ம மாநிலம் தன் பங்கா 25 சதவீதம் போடணும். மாசாமாசம் சம்பளம் போடுறது மாநிலத்து தலையிலதான். பளபளன்னு புது வண்டி வந்து நிக்கும், ஏற ஆள் வேணுமே.

கேள்வி: 101 அடிச்சா மலையாளத்துல எடுக்குறாங்க, வச்சுரலாமா? (பளுகல் வாசகர்)

பதில்: வைக்காதீங்க! பார்டர்ல செல்போன் அந்தப்பக்க டவர பிடிச்சுரும், எனக்கும் ஆயிருக்கு. எடுத்ததும் மொதல்ல கன்னியாகுமரி மாவட்டம்னு சொல்லி ஊர் பேர சொல்லுங்க, அப்பறம் பக்கத்துல உள்ள கோயிலோ பள்ளியோ ஒரு அடையாளம், அப்பறம்தான் தீ கதை. அப்படியே உங்க வார்டு கவுன்சிலர பாத்தா ஒண்ணு கேளுங்க. வழக்கமா வர்ற ஃபயர் வண்டில சுமார் 4,500 லிட்டர் தண்ணிதான், ஒரே ஹோஸ்ல அடிச்சாலும் பத்து பதினைஞ்சு நிமிஷம் நிக்கும், அதுக்கப்பறம் குளத்துலருந்து உறிஞ்சணும். குளத்துக்கு வண்டி போற பாதைல கடை போட்டு வச்சிருக்காங்களே, அத எடுக்குறது மட்டும் நகராட்சி, பஞ்சாயத்து வேலைதான்.