பத்துப் பேர் வேண்டும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் அப்பா தவறிவிட்டார். காரியங்கள் முடிந்தபின் மனம் எதிலும் நிலைகொள்ளவில்லை. யூதர்கள் இறந்தவர்களுக்காகச் சொல்லும் கதீஷ் பிரார்த்தனையின் மொழிபெயர்ப்பை வாசித்தேன். அதில் மரணம் என்ற சொல்லே இல்லை, இறந்தவர் பெயரும் இல்லை, முழுக்கக் கடவுள் துதி. அதைச் சொல்லவும் பத்துப் பேர் வேண்டுமாம். தனியாக அழக்கூட விடமாட்டார்களா?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

உங்கள் அப்பாவுக்கு என் அஞ்சலி.

அழுவதற்கு யாரும் தேவையில்லை. கதீஷைத்தான் தனியாகச் சொல்ல முடியாது. வயதுவந்த பத்துப் பேர் சேர்ந்தால் அது மின்யான். மரபான சபைகள் ஆண்களை மட்டும் எண்ணுகின்றன, வேறு பல சபைகள் பெண்களையும் சேர்த்துக்கொள்கின்றன. பெற்றோரை இழந்தவர் 11 மாதம் நாள்தோறும் சொல்ல வேண்டும். துக்கத்தில் கிடப்பவரிடம் "ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்" என்கிறோம். அவர் கூப்பிடுவதே இல்லை. இங்கே அவர் எழுந்து போயாக வேண்டும், மற்ற ஒன்பது பேரும் வந்தாக வேண்டும். அவர் சொல்லச் சொல்ல அவர்கள் "ஆமென், அவரது பெரும் பெயர் என்றென்றும் போற்றப்படட்டும்" என்று குரல் கொடுக்க வேண்டும். கடவுளோடு சண்டையிட அதிகக் காரணம் உள்ளவர் எழுந்து நின்று அவரைப் போற்றுகிறார். தனியறையில் அது யாருக்கும் வாயில் வராது என்றே நினைக்கிறேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில், பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறிய பின் பத்துப் பேர் தேறவில்லை. ஊருக்கு வந்த யூதப் பயணிகளைச் சேர்த்துக்கொண்டு எண்ணிக்கையை நிறைத்தார்கள்.

அடக்கம் முடிந்ததும் ஏழு நாள் ஷிவா என்னும் துக்க அனுசரிப்பு. துக்க வீட்டார் தாழ்வான இருக்கையில் அமர்வார்கள். முதல் உணவு அவர்கள் வீட்டுச் சமையலாக இருக்கக் கூடாது, அண்டை அயலார் கொண்டுவர வேண்டும். அவித்த முட்டை, முழு மைசூர்ப் பருப்பு. அந்தப் பருப்புக்கு யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூத் சொல்லும் காரணத்தைப் படித்த அன்று வெகுநேரம் வேறெதையும் படிக்க முடியவில்லை. மற்றப் பயறுகளில் இருக்கும் வாய் போன்ற பிளவு அதில் இல்லை, துக்கத்தில் இருப்பவருக்கும் வாய் இல்லை. அவராகப் பேசும்வரை வந்தவர்கள் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது மரபு. நம் ஊரில் வருகிறவர்கள் ஒவ்வொருவரும் "எப்படி நடந்தது?" என்று முதலிலிருந்து கேட்பார்கள். உங்களையும் கேட்டிருப்பார்கள்.

2018 அக்டோபர் 27, சனிக்கிழமை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், மூன்று சபைகள் தொழுதுவந்த ட்ரீ ஆஃப் லைஃப் ஜெப ஆலயத்துக்குள் புகுந்த ஒருவன் 11 பேரைச் சுட்டுக் கொன்றான். தொழுகைக்கு வந்தவர்கள் அவர்கள், அதாவது மின்யானை நிறைப்பவர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை 'பிட்ஸ்பர்க் போஸ்ட் கெசட்' நாளிதழ் தன் முதல் பக்கத் தலைப்பாகக் கதீஷின் தொடக்கச் சொற்களை எபிரேய எழுத்திலேயே அச்சிட்டது. வாசகர்களில் பெரும்பாலோருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அன்று காலை ஓர் ஊரே மின்யானில் வந்து நின்றதாக எனக்குத் தோன்றியது.

கதீஷில் இறந்தவர் பெயர் இல்லை என்கிறீர்கள். உங்கள் கடிதத்திலும் அப்பாவின் பெயர் இல்லை. அவர் என்ன வேலை பார்த்தார், வீட்டில் எங்கே உட்காருவார், உங்களை எப்படிக் கூப்பிடுவார்? எழுதுங்கள். மெதுவாக, எப்போது முடிகிறதோ அப்போது.

அன்புடன்.