மூக்கடைப்புக்கு எந்தப் படம், எப்போது?

கேள்வி: இரண்டு வருஷமாக எனக்கு மூக்கடைப்பு. காலையில் இடப்பக்கம் அடைத்தால் மத்தியானம் வலப்பக்கம் அடைக்கும். சீரி (CT) ஸ்கான் அறிக்கையில், 'நடுச்சுவர் இடப்பக்கம் வளைந்துள்ளது, வலப்பக்கக் கீழ்மடல் பருத்துள்ளது' என்று எழுதியிருக்கிறது. சத்திரசிகிச்சை செய்யத்தான் வேண்டுமா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: அந்த ஒரு வரியை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். நடுச்சுவர் கொஞ்சமும் வளையாதவர்கள் குறைவு. அதோடு, நடுச்சுவரிலுள்ள எலும்பும் கசியிழையமும் (குருத்தெலும்பும்) காலைக்கொரு பக்கம், மத்தியானத்துக்கொரு பக்கம் வளைவதில்லை. பக்கம் மாறுவது மடல்களை, அதாவது மூக்கின் பக்கச்சுவரிலிருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்புகளை, போர்த்தியிருக்கும் சீதமென்சவ்வு. அதற்குள் இரத்தம் நிறைந்தால் வீங்கும், வடிந்தால் சுருங்கும். சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை இப்படி மாறிமாறி நடப்பது சுகதேகிகளுக்கும் உள்ளதுதான். நீங்கள் ஸ்கான் மேசையில் படுத்திருந்த சில விநாடிகளில் வலப்பக்கம் வீங்கியிருந்தால், படத்திலும் அப்படித்தான் விழும். வளைவால் இடம் கூடிய பக்கத்து மடல் காலப்போக்கில் உண்மையாகவே பருப்பதும் உண்டு. படத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

பிரித்தறிய வழி இருக்கிறது. காது, மூக்கு, தொண்டை வைத்தியர் முதலில் எண்டோஸ்கோப்பால் (மூக்குக்குள் விடும் மெல்லிய கமராக் குழாயால்) பார்ப்பார். பிறகு சைலோமெற்றசோலின் போன்ற, வீக்கம் வற்றவைக்கும் ஸ்பிரே அடித்து, 10 முதல் 15 நிமிஷம் விட்டுத் திரும்பவும் பார்ப்பார். வழி நன்றாகத் திறந்தால் குறை சவ்வில். அதற்கு ஸ்டீரொயிட் மூக்கு ஸ்பிரேயை ஒழுங்காகப் பாவிப்பதுதான் முதல் வேலை. திறக்காவிட்டால் எலும்பு, கசியிழையம் பற்றி யோசிக்கலாம். வற்றவைக்கும் ஸ்பிரேயை நீங்களாகவே வாங்கி ஒரு கிழமைக்கு மேல் அடிக்க வேண்டாம்; அதுவே அடைப்பைக் கூட்டிவிடும்.

ஸ்கானில் தவறிப்போகும் இடம் ஒன்றும் உண்டு. மூக்கு வழியின் மிகக் குறுகிய பகுதி நாசித்துவாரத்துக்குச் சற்று உள்ளேயே இருக்கிறது. வழமையான முன்பக்க வெட்டுப்படம் அதைச் சரிவாகத்தான் வெட்டும். மூச்சை இழுக்கும்போது பக்கச்சுவர் உள்ளே ஒட்டுவது அசையாத படத்தில் தெரியவே தெரியாது. கண்ணாடி முன் நின்று, மூக்கோரக் கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் இழுத்து மூச்செடுத்துப் பாருங்கள். அடைப்பு சட்டென்று விட்டால் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள். ஆனால் சுகதேகிகளுக்கும் அப்போது கொஞ்சம் இலேசாகும் என்பதால், இது தடயமே தவிர முடிவல்ல.

கேள்வி: ஐந்து வயது மகன் வாயைத் திறந்து, குறட்டை விட்டு நித்திரை கொள்கிறான். எக்ஸ்ரே எடுக்கும்போது அழுதுகொண்டே இருந்தான். 'அடினொயிட் பெரிது' என்கிறார்கள். நம்பலாமா? (வாசகி, பருத்தித்துறை)

பதில்: அடினொயிட் என்பது மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேற்பகுதியில் இருக்கும் சதை. அழுதபோது எடுத்த படமென்றால் சந்தேகப்படுவது நியாயம். அழும்போதும் விழுங்கும்போதும் அண்ணத்தின் பின்பகுதி மேலெழுந்து வழியை ஒடுக்கும். நடுத்தர அடினொயிட்டும் வழியை அடைத்ததுபோல் தெரியும். கழுத்து முன்னால் மடிந்திருந்தாலும் படம் பிழைக்கும். பிள்ளை பக்கவாட்டில் நின்று, நாடியைச் சற்று உயர்த்தி, வாயை மூடி, மூக்கால் மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். முதல்நாள் வீட்டில் மல்லிகைப்பூவை முகரச் சொல்லி இரண்டு மூன்று தரம் பழக்குங்கள். பிள்ளையைப் பிடிக்க உள்ளே நிற்பவர் கர்ப்பிணியாக இருக்கக்கூடாது.

படத்தை விடப் பெறுமதியானது ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிறதா, நெஞ்சு உள்ளே இழுபடுகிறதா என்று பார்த்து, கைத்தொலைபேசியில் சில நிமிஷம் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

கேள்வி: பீனிசத்துக்கு ஸ்கான் எழுதிய டொக்டர், தடிமன் மாறி, மருந்தும் முடிந்த பிறகு எடுக்கச் சொல்கிறார். ஏன் இந்தத் தாமதம்? (வாசகர், மானிப்பாய்)

பதில்: அவர் சொன்னது சரி. மாசிப்பனி மூசிப் பெய்யும் நாள்களில் வரும் சாதாரண தடிமனே சைனஸ் அறைகளின் (மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளின்) சவ்வை வீங்கவைத்துப் படத்தில் சாம்பல் நிறமாகக் காட்டும். நாள்பட்ட பீனிசத்திலிருந்து அதைப் பிரிக்க முடியாது. மருந்துக்குப் பிறகும் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதே சத்திரசிகிச்சை செய்பவருக்குத் தேவை.

போகும்போது மூக்கைச் சிந்திவிட்டுப் போங்கள். மூக்குத்தி, தோடு, கொண்டையூசி, கழற்றக்கூடிய பல்செட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். உலோகம் படத்தில் கோடு கோடாக விழும். வழமையான சைனஸ் ஸ்கானுக்கு ஊசிமருந்து தேவையில்லை. படத்தாளோடு குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள். 1 மில்லிமீற்றர் அல்லது அதிலும் மெல்லிய வெட்டுகள் அதில் இருந்தால் முன், பக்கம், குறுக்கு என மூன்று திசையிலும் பார்க்கலாம். மூளைக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் மெல்லிய எலும்பு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன் அறிய அது அவசியம்.

கண் வீக்கம், பார்வை இரட்டித்தல், காய்ச்சலோடு கடும் தலையிடி, ஒரே பக்கத்தில் அடைப்போடு இரத்தம் என்றால் பொறுத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள்.

கேள்வி: கதிர்வீச்சே இல்லாத எம்ஆர்ஐயை எடுத்தால் என்ன? (வாசகர், காரைநகர்)

பதில்: எம்ஆர்ஐயில் காற்றும் கருப்பு, மெல்லிய எலும்பும் கருப்பு. மூக்கின் நுண்ணிய எலும்புச் சுவர்கள் தெரியாமல் போய்விடும். பூஞ்சணம் இறுகி நிறைந்த அறைகூடச் சில வேளை வெறும் காற்றறை போலக் கருப்பாகத் தெரிந்து ஏமாற்றும். கட்டி இருக்கிறதா, நோய் கண்ணுக்கோ மூளைக்கோ பரவியதா என்று பார்க்க எம்ஆர்ஐ சிறந்தது. சரியான அளவில் எடுக்கும் சைனஸ் சீரி ஸ்கானின் கதிர்வீச்சு பெரும்பாலும் 1 மில்லிசீவேட்டுக்குள் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அடங்கும். இயற்கையிலிருந்தே ஒருவர் வருஷத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவேட் பெறுகிறார்.