வாசகர் கேள்வி: நெல்லைக்கு டிராம் வருமா?

(ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் பயணம், போக்குவரத்து பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

அண்ணாச்சி, மகன் வீட்டுக்கு எடின்பரோ போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். அவன் வீடு லீத் பக்கம். புதிதாக நீட்டிய டிராம் பாதை வாசலிலேயே போகிறது. மணி பார்க்காமல் போய் நிற்போம், வண்டி வந்துவிடும். திரும்பி வந்து கே.டி.சி. நகரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுகை வருகிறது. கே.டி.சி. நகரிலிருந்து வண்ணார்பேட்டை, ஜங்ஷன் வழியாக டவுன் வரை ஒரு டிராம் விட்டால் என்ன?
— வாசகி, கே.டி.சி. நகர்

அம்மா, உங்கள் மகன் வீட்டு வாசலில் ஓடுகிற அந்த டிராம் வந்த கதையை முதலில் கேளுங்கள். விமான நிலையத்திலிருந்து நியூஹேவன் கடற்கரை வரை என்றுதான் ஆரம்பத்தில் திட்டம் போட்டார்கள். 2011-ல் ஓட வேண்டிய வண்டி 2014 மே மாதம்தான் ஓடியது. செலவு 77 கோடி பவுண்டைத் தாண்டியது. கையில் பணம் இல்லாமல், பாதை லீத்தைத் தொடாமல் ஊருக்கு நடுவிலேயே நின்றுவிட்டது. முழுப் பாதைக்கும் சேர்த்து வாங்கிய 27 வண்டிகள் மட்டும் வந்து சேர்ந்தன. லீத் மக்கள் மேலும் ஒன்பது வருஷம் காத்திருந்தார்கள். மீதி 4.7 கிலோமீட்டரும் 2023 ஜூன் 7 அன்றுதான் திறந்தது. அதற்குத் தனியாக 20 கோடி பவுண்டுக்கு மேல் ஆனது. வண்டிகள் ஏற்கெனவே இருந்ததால் புதிதாக வாங்க வேண்டியிருக்கவில்லை.

ஏன் இவ்வளவு இழுத்தது? ஒப்பந்தக்காரரோடு வந்த தகராறு ஒரு பக்கம். இன்னொரு காரணம் தெருவுக்கு அடியில் இருந்தது. தண்டவாளத்துக்குக் கீழே தண்ணீர்க் குழாய், சாக்கடை, கேஸ், கேபிள் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் ஒவ்வொரு பழுதுக்கும் டிராமை நிறுத்த வேண்டிவரும். அதனால் எல்லாவற்றையும் ஓரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தண்டவாளம் போட முடியும். பழைய ஊரில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று காகிதத்தில் ஒன்று இருக்கும், தோண்டினால் வேறொன்று இருக்கும். லீத்தில் ஒரு தெருவைத் தோண்டியபோது தேவாலயத்தின் பழைய கல்லறைத் தோட்டமே வெளிப்பட்டு, முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை எடுத்தார்கள்.

இப்போது நம் டவுனை நினைத்துப் பாருங்கள். நான்கு ரத வீதிகளில் எந்த வீதியைத் தோண்டுவது? தோண்டினாலும் மேலே மின்கம்பி கட்ட வேண்டும். ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் தேர் வரும்போது குறுக்கே ஒரு கம்பி இருக்க முடியாது. இதற்கு வழி இல்லாமல் இல்லை. பிரான்சில் போர்தோ நகரத்தில் 2003-லேயே மேலே கம்பி இல்லாமல், தரையிலிருந்து மின்சாரம் எடுத்து ஓட்டினார்கள். பர்மிங்காமில் நகரின் நடுப்பகுதியில் பேட்டரியில் ஓடுகிறது. வழி இருக்கிறது, ஆனால் செலவு இன்னும் கூடும்.

அடுத்தது கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாநகராட்சியில் ஐந்து லட்சம் பேர்கூட இல்லை. மெட்ரோவுக்கு 20 லட்சம் பேர் வேண்டும் என்று சொல்லி மதுரை, கோவை திட்டங்களையே 2025 நவம்பரில் டெல்லி திருப்பி அனுப்பிவிட்டது. சின்ன நகரங்களுக்கென்று ‘மெட்ரோலைட்’ என்ற பெயரில் டிராம் போன்ற ஒன்றை 2021 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள்தான். அது நெல்லை வரை வருமென்று நான் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ‘மணி பார்க்காமல் போய் நிற்போம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் நாலைந்து தடவை படித்தேன். அங்கே கூட்ட நேரத்தில் ஏழு நிமிஷத்துக்கு ஒரு டிராம். ஏழு நிமிஷத்துக்கு ஒன்று வந்தால் எந்த வண்டியும் நல்ல வண்டிதான், அது பஸ்ஸாக இருந்தாலும். கே.டி.சி. நகரிலிருந்து டவுன் வரை பஸ்ஸுக்குக் குறைவில்லை. நான்கு பஸ் ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்று வரும், அப்புறம் அரை மணி நேரம் ஒன்றுமே இருக்காது. அதே பஸ்களைச் சம இடைவெளியில் விட்டாலே பாதிப் பேரின் காத்திருப்பு தீரும். இதற்குத் தோண்ட வேண்டியதில்லை. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பொறுப்பாக நேரம் பார்க்க ஓர் ஆள் வேண்டும். நிறுத்தத்தில் நிழலும் உட்கார இடமும் வேண்டும். சுலோச்சன முதலியார் பாலத்திலும் வண்ணார்பேட்டையிலும் பஸ் மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் காலை, மாலை மட்டுமாவது அதற்கென்று ஒரு தடம் வேண்டும். உங்கள் பகுதி மக்களைச் சேர்த்துக்கொண்டு இதைக் கேளுங்கள். டிராம் கேட்டால் ஆய்வு அறிக்கை வரும். இதைக் கேட்டால் பஸ் வர வாய்ப்பு இருக்கிறது.

மெட்ராஸில் முன்பு டிராம் ஓடியதாகத் தாத்தா சொல்வார். நம் சீமையில் எப்போதாவது ஓடியதா?
— வாசகர், திசையன்விளை

மெட்ராஸில் 1895-ல் மின்சார டிராம் வந்தது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். ஆரம்பத்தில் தரைக்கடியில் கால்வாய் மாதிரி வைத்து அதிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். மழைக்காலத்தில் அது தாக்குப்பிடிக்கவில்லை. அப்புறம்தான் மேலே கம்பி. கம்பெனி நொடித்துப்போய் 1953 ஏப்ரலில் நின்றது.

நம் பக்கம் தெருவில் ஓடும் டிராம் வந்ததில்லை. ஆனால் நீங்கள் திசையன்விளைக்காரர் என்பதால் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் ஊருக்கு ரயில் வந்திருக்கிறது! குலசேகரப்பட்டினத்தில் பாரி கம்பெனிக்கு ஒரு சர்க்கரை ஆலை இருந்தது. பனையிலிருந்து வரும் கருப்பட்டியை வைத்து ஓடிய ஆலை. அதற்காக இரண்டடி அகலத்தில் ஒரு சின்ன ரயில் பாதை போட்டார்கள். திருச்செந்தூரையும் குலசையையும் திசையன்விளையையும் அது இணைத்தது. தேரி மணலுக்கு நடுவே அந்தக் குட்டி வண்டி ஆட்களையும் ஏற்றிக்கொண்டு 1940 வரை ஓடியிருக்கிறது. ஆலை போனது, பாதையும் போனது. திசையன்விளை இன்றைக்கும் ரயில் இல்லாத ஊர். எனக்கு அது பெரிய வருத்தம். ஊரில் பெரியவர்கள் யாராவது இருந்தால் தண்டவாளம் எந்த வழியாகப் போனது என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்களுக்கு அப்புறம் கேட்க ஆள் இருக்காது.

ஐயா, நான் கல்லிடைக்குறிச்சி. பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறேன். காலை ரயிலை விட்டால் அடுத்த ரயில் வகுப்புக்குப் பிரயோஜனம் இல்லை. தண்டவாளம் சும்மாதானே கிடக்கிறது? அரை மணிக்கு ஒரு வண்டி விடக் கூடாதா?
— மாணவர், கல்லிடைக்குறிச்சி

தம்பி, நான் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கேள்வி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது. இதைக் கேட்டவர்கள் எல்லாரும் நியாயமாகவே கேட்டார்கள்.

தண்டவாளம் சும்மா கிடப்பது போலத் தெரியும். ஆனால் திருநெல்வேலி – தென்காசி ஒற்றைப் பாதை. 1903-ல் செங்கோட்டை வரை போட்டபோதும் ஒற்றை, 2012-ல் அகலப் பாதையாக மாறியபோதும் ஒற்றை. ஒரு கிராசிங் ஸ்டேஷனுக்கும் அடுத்த கிராசிங் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கலாம். அந்தக் காலத்தில் டிரைவர் கையில் டோக்கன் இருந்தால்தான் வண்டி நகரும். வளையத்தில் மாட்டிக் கொடுப்போம், அடுத்த ஸ்டேஷனில் வாங்கிக்கொள்வார்கள். இப்போது அந்த வேலையை சிக்னல் பார்க்கிறது. விதி மாறவில்லை. எதிரும் புதிருமாக வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று லூப் லைனில் ஒதுங்கி நின்றுதான் மற்றதற்கு வழிவிட வேண்டும். ஒதுங்க இடம் எத்தனை இருக்கிறதோ அத்தனை வண்டிதான்.

அப்படியானால் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அரை மணிக்கு ஒன்று இன்றைய பாதையில் நடக்காத காரியம். ஆனால் காலை ஆறிலிருந்து பத்துக்குள் மணிக்கு ஒன்று, மாலை நாலிலிருந்து எட்டுக்குள் மணிக்கு ஒன்று என்பது எட்டாத ஆசை இல்லை. பாதையில் மின்கம்பி வந்துவிட்டது. எஞ்சினைக் கழற்றி முன்னும் பின்னும் மாட்டும் வேலை இல்லாத மெமு வண்டி விடலாம். இரண்டு பக்கமும் ஓட்டும் அறை உண்டு, கதவு அகலம், சட்டென்று வேகமெடுக்கும். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று போகும் வண்டிக்கு அந்த வேகமெடுப்புதான் முக்கியம். சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர் என்று அடுத்தடுத்து நிற்கும்போது ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிஷம் மிச்சமானாலும் ஜங்ஷன் சேரும்போது தெரியும். இன்னும் ஓரிரு இடத்தில் லூப் லைன் போட்டால் மணிக்கு ஒரு வண்டி தாங்கும் என்பது என் அனுபவம்.

இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஜங்ஷனில் இறங்கிய மாணவன் பாளையங்கோட்டைக்கு எப்படிப் போவான்? பாளையங்கோட்டை என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் அது திருச்செந்தூர் பாதையில். தென்காசி வண்டி ஜங்ஷனோடு நின்றுவிடும். அதே வண்டியை ஜங்ஷனில் முடிக்காமல் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம் என்று திருச்செந்தூர் வரை நீட்டினால், அம்பாசமுத்திரத்தில் ஏறியவர் இறங்கி மாறாமல் பாளையங்கோட்டையில் இறங்கலாம். புதிதாக ஓர் அடி தண்டவாளம் தேவையில்லை. அந்த எடின்பரோ அம்மாவின் டிராமும் இதைத்தான் செய்தது. ஊர் நடுவில் முடிந்த வண்டியை மறுகரை வரை கொண்டுபோனது. மனு எழுதும்போது வெறுமனே ‘கூடுதல் ரயில் வேண்டும்’ என்று எழுதாதீர்கள். எந்த ஸ்டேஷனில் காலையில் எத்தனை மாணவர்கள் ஏறுகிறார்கள் என்று நீங்களே ஒரு வாரம் எண்ணி, அந்த எண்ணிக்கையோடு எழுதுங்கள். எண்ணிக்கையோடு வரும் மனுவைத் தூக்கிப் போடுவது கஷ்டம், அதை உள்ளே இருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன்.

ரயில் கூடினால் குலவணிகர்புரம் கேட் இன்னும் அதிக நேரம் மூடிக் கிடக்குமே அண்ணாச்சி? இப்போதே ஆம்புலன்ஸ் நிற்கிறது.
— கடைக்காரர், குலவணிகர்புரம்

கிடக்கும். அதை மறைத்துப் பேச நான் தயாரில்லை. கேட்டை மூடி, பூட்டு உறுதியான பிறகுதான் சிக்னல் பச்சையாகும். வண்டி கடந்தால்தான் திறக்க முடியும். கேட் கீப்பரைத் திட்டிப் பயனில்லை, அவர் நினைத்தாலும் நடுவில் திறக்க முடியாது. அதனால் மேம்பாலம் அல்லது சுரங்கப் பாதை இல்லாமல் ரயிலைக் கூட்டச் சொல்வது உங்கள் தெருவுக்குச் செய்யும் அநியாயம். இரண்டையும் ஒரே மனுவில் கேட்க வேண்டும். 1973-ல் ஜங்ஷனில் தண்டவாளத்துக்கு மேலே ஈரடுக்குப் பாலம் கட்டி நாட்டுக்கே காட்டிய ஊர் இது. ஒற்றை அடுக்குக்கு இத்தனை வருஷம் காத்திருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

நான் செய்துங்கநல்லூரிலிருந்து டவுனில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறேன். பஸ்ஸில் டிக்கெட் இல்லை, ஆனால் தினமும் லேட். ரயிலில் சீசன் எடுக்கலாமா?
— வாசகி, செய்துங்கநல்லூர்

தங்கச்சி, ரயில் டிக்கெட் இப்போது பழையபடி குறைந்தபட்சம் பத்து ரூபாய்தான். கொரோனாவுக்குப் பிறகு முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்ததை 2024-ன் தொடக்கத்தில் குறைத்துவிட்டார்கள். மாத சீசன் எடுத்தால் தினம் டிக்கெட் எடுப்பதைவிட நன்றாகக் குறையும். இருந்தாலும் 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. மாதச் சம்பளத்தில் அந்தப் பணம் மிஞ்சுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெல்லைக்கு டிராமோ மெட்ரோவோ கொண்டுவருகிறோம் என்று நாளைக்கு யார் வந்து நின்றாலும், இந்தப் பெண்களிடம் எவ்வளவு கட்டணம் வாங்குவீர்கள் என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காலை வண்டி உங்கள் கடை திறக்கும் நேரத்துக்கு முன்னால் ஜங்ஷன் சேருகிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் காலைக்கு ரயில் வைத்துக்கொள்ளுங்கள். ஜங்ஷனிலிருந்து டவுனுக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு, அதில் உங்களுக்கு டிக்கெட் இல்லை. ஜவுளிக்கடை அடைக்க ராத்திரி ஆகிவிடும், அந்த நேரத்துக்கு ரயிலை நம்ப முடியாது, பஸ்ஸே சரி. ஒரு வழிக்கு மட்டும் என்றால் சீசன் எடுக்கும் முன் ஒரு தடவை கணக்குப் போடுங்கள், சில சமயம் தினசரி டிக்கெட்டே லாபமாக இருக்கும். மழைக்காலத்தில் காலையில் கிளம்பும் முன் வண்டி ஓடுகிறதா என்று யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்துக்கும் உங்கள் ஊருக்கும் நடுவில் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியே அடித்துக்கொண்டு போய், திருச்செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்தவர்கள் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். தீபாவளி, பொங்கல் சமயத்தில் கடை அடைக்க நேரமாகும்போது வீட்டுக்குப் போக முதலாளியே வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கூட வேலை பார்க்கும் பெண்களோடு சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள்.