குளோமிஃபீனில் முட்டை வளரவில்லை, லெட்ரோசோல் போடலாமா?

வணக்கம் சகோதரி. பிசிஓஎஸ்ஸுக்கு (ஹார்மோன் கோளாறால் முட்டை சரியாக வளராத சினைப்பைப் பிரச்சினை) மூன்று மாதம் முட்டை வளர்க்கும் மாத்திரையான குளோமிஃபீன் போட்டும் முட்டை வளரவில்லை, இப்போது டாக்டர் எழுதிய லெட்ரோசோல் புற்றுநோய் மாத்திரையாமே என்று பயப்படுகிறீர்கள்.

மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மாத்திரைதான். ஆனால் அதற்கு வருடக்கணக்கில் தினமும் போடுவார்கள். முட்டை வளர என்றால் ஒரு மாதவிடாய்ச் சுழற்சிக்கு ஐந்தே நாள். இந்த மாத்திரையால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சில நாள் குறைந்ததும், முட்டையை வளர்க்கும் ஹார்மோனான எஃப்எஸ்எச் சுரப்பை மூளை கூட்டும், அதில் முட்டை இருக்கும் சிறு பை (முட்டைப்பை) வளரும். மாத்திரை சில நாளிலேயே உடம்பை விட்டு நீங்கிவிடும். குளோமிஃபீன் வாரக்கணக்கில் தங்கும், சிலருக்குக் கருப்பை உட்சுவரை மெலிதாக்கவும் செய்யும். பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, குளோமிஃபீனில் 19.1 சதவீதம். உங்கள் டாக்டர் சொல்வது சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

பெரும்பாலும் 2.5 மி.கி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் கூட்டுவார்கள். மீதமிருக்கும் குளோமிஃபீனை நீங்களாகச் சேர்த்துப் போடாதீர்கள். தொடங்குமுன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்கேனில் முட்டைப்பை ஏறக்குறைய 18 மி.மீ. தொட்டால் நல்ல அறிகுறி.

அப்புறம், கணவருக்கு விந்துப் பரிசோதனை எடுத்தாயிற்றா? அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரப்பு ஹார்மோன்) பார்க்கவில்லை என்றால் அதையும் கேளுங்கள். ஹார்மோன் ஊசிக்கு இப்போதே அவசரப்பட வேண்டாம். அதில் இரட்டைக் கர்ப்பம், சினைப்பை வீக்கம் இரண்டுக்கும் வாய்ப்பு அதிகம்.