சமாதானம் பேசச் சொல்கிறார்கள், புகார் கொடுக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணிச் செவிலியர் நான். வயலில் பாம்பு கடித்தவரைக் கொண்டுவந்த உறவினர்கள், ஊசி போடாமல் வேடிக்கை பார்க்கிறோம் என்று கண்ணாடியை உடைத்து, என் கையையும் முறுக்கிவிட்டார்கள். இப்போது ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசுகிறார்கள். அந்த ஊர் வழியாகத்தான் எனக்கு பஸ். என்ன செய்வது?

பதில்: முதலில் கையைக் காட்டி, காயத்தை விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி நகல் வாங்குங்கள். ஊருக்கெல்லாம் பதிவேடு எழுதுகிறவர்கள் தங்கள் காயத்தை எழுத மறந்துவிடுகிறார்கள்.

புகாரை நீங்கள் தனியாகக் கொடுக்க வேண்டாம். மருத்துவ அலுவலர் நிலையத்தின் சார்பில் எழுதட்டும். நீங்கள் சாட்சியாக இருங்கள். பெரியவர்கள் அப்புறம் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து பயனில்லை, பஸ் பயமும் பாதி குறையும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, மத்திய அரசு மருத்துவமனைகளுக்குப் போன உத்தரவும் இதைத்தான் சொன்னது: பணியில் இருப்பவர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே வழக்குப் பதிய வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கென்றே 2008-இல் ஒரு சட்டம் வந்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவது மட்டுமல்ல, மிரட்டுவதும் வேலையைத் தடுப்பதும் பொருளை உடைப்பதும் அதில் வன்முறைதான். 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை, அபராதம் வேறு. பிடியாணையின்றிக் கைது செய்யலாம். ஜாமீனில் வர முடியாத குற்றம். புகாரில் இந்த 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் சாதாரண அடிதடியாகிவிடும். மனு ரசீதோடு திரும்பாமல் முதல் தகவல் அறிக்கை கேளுங்கள், நகல் இலவசம். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். மன்னிப்புக் கேட்டு வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று. அவர்கள் செய்தது குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஊசி போடாமல் நீங்கள் காத்திருந்த அந்த 20 நிமிடம் அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறோம். உறையவில்லை என்றால் கண்ணாடிவிரியன் போன்ற பாம்பின் விஷம் ஏறியிருக்கிறது. நமக்கு அது சிகிச்சையின் முதல் படி. உயிர் போகிறதோ என்று நிற்கிறவருக்கு, செவிலியர் ஒரு குழாயை வைத்துவிட்டுச் சும்மா நிற்கிறார். விஷம் ஏறாத கடியும் உண்டு, விஷமுறிவு மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும் என்பதெல்லாம் அவருக்கு யார் சொன்னார்கள்?

அடுத்த முறை உறவினரில் நிதானமான ஒருவரை உள்ளே அழைத்துக் குழாயையும் கடிகாரத்தையும் காட்டுங்கள். "ரத்தம் உறைகிறதா என்று பார்க்கிறோம், உறையாவிட்டால் உடனே மருந்து ஏற்றுவோம். அதுவரை இவருடைய இமை தொங்குகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு வேலையும் கொடுங்கள். கட்டுவிரியன் பெயரில்தான் விரியன், விஷம் வேறு வகை. அது கடித்திருந்தால் ரத்தம் உறைந்துவிடும், இமைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். வெளியே நிற்கிற பத்துப் பேருக்கு அவரே பதில் சொல்லிக்கொள்வார்.