கொத்துப்பட்ட கோழியை மீண்டும் கூட்டத்தில் சேர்ப்பது எப்படி?

தக்கலை வாசகர் ஒருவரின் கேள்வி: ஏழு நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. ஒரு பெட்டைக்கு வாலடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் உரிந்துவிட்டது. மஞ்சள் பத்துப் போட்டால் மற்றவை பத்தோடு சேர்த்துக் கொத்துகின்றன. என்ன செய்வது?

முதலில் அதைத் தனியே பிரித்து, பஞ்சாரத்தில் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை) அடையுங்கள். இரத்தச் சிவப்பைக் கண்ட கோழி கொத்தாமல் விடாது. வாலடிப் புண் என்றால் குடல்வரை தோண்டிவிடும்.

கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் தூள் உப்பு (தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன்) கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் புண்ணில் பீய்ச்சிக் கழுவுங்கள். சுற்றியுள்ள இறகைப் பிடுங்காமல் கத்தரியுங்கள். பிறகு போவிடோன் அயோடினைக் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு நீர்க்க வைத்து, காலையும் மாலையும் தொட்டுவையுங்கள். மஞ்சள் பத்து வேண்டாம். அது காய்ந்து பொருக்காகி உள்ளே சீழை மூடிவைக்கும்.

நம் குமரி மாவட்டத்தில் ஆனி மழையிலும் ஐப்பசி மழையிலும் ஈத்தொல்லை அதிகம். திறந்த புண்ணில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பஞ்சாரத்தைக் கொசுவலையால் மூடுங்கள். புழு இருந்தால் இடுக்கியால் ஒன்றுவிடாமல் எடுத்து, உப்புநீரால் மறுபடி கழுவுங்கள். மண்ணெண்ணெயோ ஃபினாயிலோ ஊற்றவே கூடாது. வேப்பெண்ணெய் புண்ணின் ஓரத்தில் மட்டும் போதும்.

நாய் அல்லது கீரி கடித்திருந்தாலோ, மூச்சுவிடும்போது புண்ணில் குமிழி வந்தாலோ, முட்டைப்பை வெளியே தள்ளியிருந்தாலோ, ஒரு நாள் முழுக்கத் தீனி எடுக்காவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் மனித வலி மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள்.

இனி, கொத்துவது ஏன்? மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சோறும் தேங்காய்ப் புண்ணாக்கும் மட்டுமே தீனி என்றால் புரதம் போதாது. புண்ணாக்கில் புரதம் உண்டு, ஆனால் இறகு வளரத் தேவையான மெத்தியோனின் என்ற புரதக்கூறு குறைவு. குறையை ஈடுகட்டக் கோழிகள் பிறர் இறகைத் தின்னும். தீனியில் பாதியை முட்டைக்கோழித் தீவனமாக மாற்றுங்கள், அல்லது கிலோவுக்கு 50 கிராம் உப்பில்லாத கருவாட்டுத் தூள் சேருங்கள். உப்புக் கருவாடு கோழிக்கு விஷம். இரவுக் கூட்டில் கோழிக்கு 2 சதுர அடியாவது வேண்டும். தீனித் தட்டு இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும். இறக்கைக்கு அடியில் பேன் இருக்கிறதா என்றும் பாருங்கள். முதுகு மட்டும் வழுக்கையானால் அது சேவலின் நகமும் கால்முள்ளும் செய்த வேலை. ஏழு பெட்டைக்கு ஒரு சேவல் தவறில்லை, முள் முனையை அரத்தால் தேய்த்தால் போதும்.

புண் ஆறும்வரை பகலில் பஞ்சாரத்தை மற்றவை மேயும் முற்றத்திலேயே கவிழ்த்து வையுங்கள். கண்ணில் படாமல் போனால் புதுக்கோழியாகவே நினைத்து அடிக்கும். தோல் மூடி, புதுக் குருத்திறகு விரிந்த பிறகே திறந்துவிடுங்கள், குருத்து உடைந்தால் மறுபடி இரத்தம் வரும். மற்றவை கூட்டில் அடைந்தபின் இரவில் உள்ளே விட்டு, விடியுமுன் போய்த் தீனியை அகலமாகத் தூவுங்கள். தலையில் ஓரிரு கொத்து இயல்பு. மூலைக்கு விரட்டினால் பிரியுங்கள்.

ஒரே பெட்டைதான் அடிக்கிறது என்றால், அடிபட்டதை அல்ல, அடிக்கும் பெட்டையை நாலைந்து நாள் கண்ணில் படாத இடத்தில் அடையுங்கள். திரும்பி வரும்போது பழைய அதிகாரம் இருக்காது. அலகு வெட்டுவதை மேய்ச்சல் கோழிக்குச் செய்யாதீர்கள். பூச்சி பொறுக்க முடியாமல் அது பட்டினி கிடக்கும்.