அச்சில் கோடு காணாமல் போவது ஏன்?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 20. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். கார்ட்டூன் வரைவதையே தொழிலாக்கிக்கொள்ள ஆசை. கோயில் திருவிழா மலருக்கு ஒரு படம் கொடுத்தேன். அச்சில் பாதிக் கோடுகளைக் காணோம், எழுத்தெல்லாம் மை அப்பிக் கிடக்கிறது. எங்கே பிசகு? வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா?

பதில்: கை பிசகவில்லை, அளவுதான் பிசகு. அச்சில் 12 செ.மீ. அகலம் வரவேண்டிய படத்தை 18 செ.மீ.யில் வரையுங்கள். மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும்போது 0.1 மி.மீ. பேனாக் கோடு மறைந்தே போகும். உருவத்துக்கு 0.5, சட்டை மடிப்புக்கு 0.3 போதும். நிழல் கோடுகளுக்கிடையே ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். நெருக்கினால் கறுப்புத் திட்டாகிவிடும்.

தமிழ் எழுத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 'ண', 'இ' இவற்றின் சுழிக்குள் மை இறங்கி அடைத்துக்கொள்ளும். வரையும் தாளில் 5 மி.மீ. உயரத்துக்குக் குறையாமல், சுழியைத் திறந்து எழுதுங்கள். முதலில் வசனம், பிறகுதான் அதைச் சுற்றிக் குமிழி. முதலில் பேசுபவரின் குமிழி இடப்பக்கம் மேலே இருக்கட்டும். வசனம் குமிழிக்குள் அடங்கவில்லையா? வசனத்தை வெட்டுங்கள், எழுத்தை நசுக்காதீர்கள்.

கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பியிருந்தால் அதுவும் ஒரு காரணம். ஓரத்தில் விழுந்த நிழல் அச்சில் புள்ளி புள்ளியாகத் தெரியும். 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்து, பிஎன்ஜி அல்லது டிஃப் கோப்பாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

வேலையை இப்போது விடவேண்டாம். உங்கள் பேராக் மாநிலத்தில் பிறந்த, மலேசியாவின் புகழ்பெற்ற கார்ட்டூனிஸ்ட் லாட் (Lat) கூட குற்றச் செய்தி நிருபராக இருந்துவிட்டு, 1974-ல்தான் நாளிதழின் முழுநேரக் கார்ட்டூனிஸ்ட் ஆனார். வாரம் ஒரு படம் என்று ஆறு மாதம் வரைந்தால் 26 சேரும். அதில் சிறந்த 12-ஐ மட்டும் ஆசிரியரிடம் காட்டுங்கள். லயத்து வீடு, ஒட்டுக்கடை, செம்பனை லாரி என்று நீங்கள் அன்றாடம் பார்ப்பதையே வரையுங்கள். தோட்டத்துக்காரர் கண்ணுக்கு மட்டுமே படும் விஷயங்கள் அவை. பட்டணத்தில் இருப்பவர் கற்பனையில் வரைந்தால் ஒட்டாது.

மூலப்படத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஸ்கேன் பிரதி போதும். ஒருமுறை வெளியிட மட்டும் அனுமதி, மறுபடி போட்டால் தனிக் கட்டணம் என்பதைப் படம் அனுப்பும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.